சம்பந்தி எதிரே வரும் பாதை

லிஃப்ட் மெக்கானிக்குகள் பெரும்பாலும் லிஃப்ட் இல்லாத கட்டடங்களில்தான் குடியிருக்கிறார்கள்; வாடகை அப்படி. இவரும் நான்காவது மாடியில் இருந்தார். ஊரில் யாரும் படியேறிக் கஷ்டப்படக் கூடாது என்று பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு, மாலையில் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் படியேறிப் போவார். இதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. படிக்கட்டு பாதியில் நின்றுவிட்டது என்று யாரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதில்லை என்பார்.

அவரும் அவருடைய இயந்திரங்கள் மாதிரிதான் என்று மனைவி சொல்வாள். பொத்தானை அழுத்தினால் வருவார், அழுத்தாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்பார். எங்கேயாவது ஒரு விதியை எழுதி ஒட்டிவிட்டால் போதும், அதை எழுதியவனே மறந்துபோன பிறகும் இவர் அதன்படி நடப்பார். எட்டுப் பேர் என்று எழுதியிருந்த லிஃப்டில் ஒன்பதாவதாக ஏறிய கட்டட உரிமையாளரை இறங்கச் சொன்னவர் அவர். உரிமையாளர் இறங்கினார். அந்தக் கட்டடத்துப் பராமரிப்பு வேலையிலிருந்து இவரும் இறக்கப்பட்டார். இதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. எட்டு என்று எழுதியிருந்தது என்று மட்டும் சொன்னார்.

அவர் வீட்டுத் தெருவின் முனையில் திரும்பினால் இயற்கைப் பூங்காவின் வேலி. முன்பு அது கல் வெட்டிய பள்ளம். பிறகு ஊர்க் குப்பை கொட்டிய இடம். கொட்டிச் சலித்து எல்லோரும் மறந்துவிட, பள்ளத்தில் மழை நீர் தேங்கி ஏரி ஆனது. கரையில் நாணல் வந்தது. மரங்கள் யாரையும் கேட்காமல் வளர்ந்தன. அவற்றைத் தேடிப் பறவைகள் வந்தன. மனிதர்கள் ஒன்றுமே செய்யாமல் விட்டதால் உண்டான இடம் என்பதால் நகராட்சி அதற்கு வேலி போட்டு, தன்னுடைய சாதனை என்று பலகை வைத்தது. ஏரியைச் சுற்றி ஒரு நடைபாதை. நிதானமாக நடந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். குடியிருப்புப் பக்கம் ஒரு வாசல், நேர் எதிரே பஸ் டிப்போ பக்கம் இன்னொரு வாசல்.

வேலிக்கு இத்தனை அருகில் பல வருஷம் குடியிருந்தும் லிஃப்ட்காரர் உள்ளே போனதில்லை. பூங்காவுக்குப் போகிறவர்கள் வீட்டில் சண்டை போட்டவர்கள் அல்லது டாக்டர் சொன்னவர்கள் என்பது அவர் எண்ணம். அவரை உள்ளே இழுத்துப் போனவர் சம்பந்தி.

மகள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தாள். அங்கே கணக்குப் பிரிவில் இருந்த பையனைத் தானே பார்த்து, தானே முடிவு செய்து, பிறகு பெற்றோருக்குச் செய்தி சொன்னாள். இரண்டு குடும்பமும் ஓர் ஓட்டலில் சந்தித்தன. பெண்கள் பக்கம் பேச்சு களைகட்டியதும் லிஃப்ட்காரர் நைசாக நழுவி வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். பையனின் அப்பா. மனைவியை இழந்தவர், பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். ஊரில் அவரைப் பல்செட்காரர் என்றே சொல்வார்கள்.

“உங்களுக்குப் பேச வராதா, இல்ல எங்களப் பிடிக்கலையா?” என்றார் பல்செட்காரர்.

“வராது.”

“அப்ப நல்லது. எனக்கு வரும். நமக்குள்ள சண்டையே வராது.”

அப்படித்தான் ஆரம்பித்தது. விசாரித்துப் பார்த்தால் பல்செட்காரர் வீடு பூங்காவின் மறுபக்கம், பஸ் டிப்போவுக்குப் பின்னால். மகளுக்கும் மகனுக்கும் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகு, தகப்பன்மார் இருவரும் மாலைகளில் ஏரிக்கரை மரப்பாலத்தில் சந்தித்துச் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள்.

மேலும் கீழுமாகவே ஆயுசு போன மனிதருக்குப் பக்கவாட்டில் நகர்வதே ஒரு விடுமுறை. கிரீஸ் நாற்றமும், மொட்டைமாடி இயந்திர அறையின் வெக்கையும், லிஃப்ட் குழிக்குள் டார்ச் வெளிச்சத்தில் தெரியும் எலிப் புழுக்கையுமாக இருந்த நாளின் முடிவில், அந்தப் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் காற்றின் வாசனை மாறும். முதலில் ஈர இலை, அப்புறம் சேறு, அப்புறம் தண்ணீர். காற்று முகத்தில் படுவதற்கு முன்பே நாணல் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். கரையோர மரம் ஒன்று தண்ணீரின் மேல் சாய்ந்து, விழுவதா வேண்டாமா என்று வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். அதாவது பல்செட்காரர் நிறுத்துவார்.

பறவைகளின் பெயர் இருவருக்கும் தெரியாது. தெரியாததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கல்லின் மேல் இரண்டு சிறகையும் விரித்து வெயில் காய்கிற கறுப்புப் பறவைக்குப் பல்செட்காரர் ‘துணி காயப்போடறவர்’ என்று பெயர் வைத்தார். ஒற்றைக் காலில் நின்று எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்க்கிற சாம்பல் கொக்கு ‘வீட்டு ஓனர்’. ஒவ்வோர் அடிக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நீந்துகிற சின்னக் கோழிக்கு ‘ஆமாஞ்சாமி’. லிஃப்ட்காரர் பெயர் எதுவும் வைக்கவில்லை. ஆனால் ஒருநாள் கொக்கைக் காணாமல், “ஓனர் வாடகை வசூலுக்குப் போயிருப்பார்” என்றார். பல்செட்காரர் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். ஊருக்கெல்லாம் பல் செய்பவருக்குச் சொந்தப் பல் மோசம். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும்.

இருவரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. பேசியிருந்தால் ஒருவேளை முன்பே தெரிந்திருக்கும்.

பிள்ளைகள் பிரிந்தார்கள். குற்றம் யார் பக்கம் என்று கண்டுபிடிக்க இரண்டு பக்கத்து உறவினர்களும் கடுமையாக முயன்று தோற்றார்கள். குடி இல்லை, அடி இல்லை, இன்னொரு ஆள் இல்லை. இரண்டு நல்ல மனிதர்களை ஒரே வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் உதாரணம் ஆனார்கள், அவ்வளவுதான். மகள் இரண்டு பெட்டியோடும் ஒரு மிக்ஸியோடும் நான்காவது மாடிக்கு ஏறி வந்தாள். மிக்ஸியைத் தூக்கி வந்தவர் அப்பா. அந்த வீட்டுக் காற்றுகூட இந்தப் பக்கம் வரக் கூடாது என்றாள் மனைவி. இரண்டு வீட்டுக்கும் ஒரே ஏரியிலிருந்துதான் காற்று வந்தது என்பதை அவர் சுட்டிக்காட்டவில்லை.

வந்த சில நாள்களுக்குப் பிறகு மகள் அவரிடம் தனியாக ஒன்று கேட்டாள். முகம் வீங்கியிருந்தது. சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

“அவங்க வீட்ல யாரோடயும் ஒரு வார்த்த பேச மாட்டேன்னு சொல்லுங்கப்பா. என்னப் பத்தி அங்க எதுவும் போகக் கூடாது. அப்பதான் நான் இங்க இருக்க முடியும்.”

“சரி” என்றார்.

அவர் சரி என்றால் சரிதான். அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்தது. ஏனென்றால் ஊரில் அவர் பேசுகிற ஒரே ஆள் அந்த வீட்டில்தான் இருந்தார்.

கொஞ்ச நாள் பூங்காப் பக்கமே போகவில்லை. பிறகு கால் கேட்கவில்லை. ஒரு மாலை போனார். பாலத்தில் பல்செட்காரர் வழக்கம்போல நின்றிருந்தார். “என்ன சம்பந்தி” என்று தொடங்கி, அந்தச் சொல் இப்போது செல்லுமா என்ற சந்தேகத்தில் பாதியில் நிறுத்தினார். லிஃப்ட்காரர் வாயைத் திறக்கவில்லை. பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதைச் சொல்ல வேண்டுமானால் பேச வேண்டும்; அந்த இடத்தில் அவர் மூளை இரு தளங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். என்னால் முடியாது என்பதற்கும் அப்படித்தான் கை விரிப்பார்கள். ஒன்றும் இல்லை என்பதற்கும் அப்படித்தான். உன் சகவாசம் வேண்டாம் என்பதற்கும் அப்படித்தான். விரித்துவிட்டு இடப்பக்கமாக நடந்து போனார். பல்செட்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கமாகப் போனார்.

வட்டப்பாதையில் ஒருவரைத் தவிர்க்க வேண்டுமானால் அவர் போகிற திசையிலேயே அவர் வேகத்திலேயே போக வேண்டும். எதிர்த்திசையில் போனால் சுற்றுக்கு இரண்டு முறை முகத்துக்கு நேரே வந்து நிற்பார். இது லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாதது அல்ல. லிஃப்ட் பெட்டிக்கு மறுமுனையில் அதே கயிற்றில் இரும்புப் பாளங்கள் தொங்கும்; கவுண்டர் வெயிட் என்பார்கள். பெட்டி ஏறினால் அது இறங்கும், பெட்டி இறங்கினால் அது ஏறும். ஒவ்வொரு தடவையும் நடு வழியில் ஒன்றையொன்று உரசாமல் கடந்து போகும். வாழ்நாள் முழுதும் இதைப் பார்த்தவர், மறுநாளும் இடப்பக்கமாகவே போனார். பல்செட்காரரும் வலப்பக்கமாகவே வந்தார். யாரும் யாரையும் தேடிப் போகவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, வாக்கு மீறப்படவில்லை; ஆனால் தினமும் பார்த்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் பல்செட்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். லிஃப்ட்காரர் நெருங்கி வரும்போது ஏதாவது ஒரு மரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு மரத்திடம் பேசுவார். “ஓனர் இன்னிக்கு அந்தப் பக்கத்துக் கரையில நிக்கறார்.” அல்லது, “ஆமாஞ்சாமிக்குக் குஞ்சு பொரிச்சிருக்கு. குஞ்சும் தலைய ஆட்டுது.” சொல்லிவிட்டுச் சற்று நிற்பார். லிஃப்ட்காரர் பார்வையை நேராக வைத்துக்கொண்டு கடந்து போவார். வளைவு திரும்பியதும் நின்று, சொன்ன இடத்தில் கொக்கு இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். குஞ்சுகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவை தலையாட்டுவதைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பார். வீடு திரும்பிப் படியேறும்போது, இன்று நிறையப் பேசினோம் என்ற நிறைவு இருக்கும். பேசியது ஒருவர்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. முன்பும் அப்படித்தானே இருந்தது.

ஒரு வகையில் அவர் வாழ்க்கையிலேயே பூங்காவை மிக நன்றாக அனுபவித்த காலம் அதுதான். நண்பன் எங்கே எதைக் காட்டப்போகிறான் என்ற எதிர்பார்ப்போடு நடந்தார். மரங்கொத்தி துளைத்த பொந்து, தட்டான்கள் ஜோடி சேர்ந்து நாணலில் உட்கார்ந்திருந்த மாலை, மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சத்தில் ஏரி முழுவதும் எண்ணெய் பூசினாற்போல அசையாமல் கிடந்தது, எல்லாம் மரத்திடம் சொல்லப்பட்டு அவர் காதுக்கு வந்தவை. பல்செட்காரரின் குரல் நாளுக்கு நாள் சற்றுத் தணிந்து வந்தது. அதை அவர் கவனித்தார். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் அம்புக்குறி வந்தது.

வேகமாக ஓடிவந்த ஒருவரும் கைபேசியைப் பார்த்தபடி எதிரே வந்த ஒருவரும் மோதிக்கொண்டார்களாம். மோதியதில் ஒருவர் வக்கீல். பூங்கா நிர்வாகம் யோசித்து, பாதை முழுவதும் வெள்ளைப் பெயின்டில் அம்பு வரைந்தது. எல்லோரும் இனி ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். எதிர்த்து வருபவரைத் திருப்பி அனுப்ப ஊதலோடு ஒரு காவலாளி. நடக்க வருபவர்கள் அவருக்கு ‘விசில்’ என்றே பெயர் வைத்தார்கள். மனிதர் இயல்பில் பாவம். ஆனால் கையில் ஊதல் இருந்தது.

லிஃப்ட்காரர் அம்பைப் பார்த்தார். அம்பு அவருடைய திசையில்தான் போயிற்று. விதிக்கு உட்பட்டவர் என்பதில் அவருக்கு அன்று ஒரு நிம்மதிகூட இருந்திருக்கலாம். அரைச் சுற்றுக்குப் பிறகுதான் விளங்கியது. பல்செட்காரரும் இப்போது இதே திசையில், ஏரியின் மறுபக்க வாசலிலிருந்து நடக்கிறார். இருவருக்கும் நடுவே எப்போதும் பாதி ஏரி.

அவர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார், வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம் என்று எண்ணி லிஃப்ட்காரர் வேகமாக நடந்தார். மறுநாள் இன்னும் வேகமாக. கொக்கையும் பார்க்கவில்லை, நாணலையும் பார்க்கவில்லை. முன்னால் போகிற முதுகுகளை மட்டும் பார்த்தார். ஒன்றும் பல்செட்காரருடையது அல்ல. சில வாரம் இப்படி மூச்சிரைக்க நடந்தார். பிறகு, தாமதித்தால் அவர் பின்னாலிருந்து வந்து சேர்வார் என்று சாய்ந்த மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். யார் யாரோ வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு எதிரே ஏரி அத்தனை அழகையும் விரித்து வைத்துக்கொண்டுதான் இருந்தது. இன்னதைப் பார் என்று சொல்ல ஆளில்லாமல் அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வேறு வழிகள் இருந்தன. அம்புக்கு எதிராக நடக்கலாம், விசில் ஊதும். டிப்போ வாசலுக்கே போய் நிற்கலாம். ஆனால் அது தேடிப்போவது. எதேச்சையாகப் பார்ப்பது வேறு, தேடிப்போவது வேறு என்று அவருடைய சட்டப்புத்தகம் சொன்னது. போன் செய்யலாம், அது பேச்சு. இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மகளிடம் போய், நீ வாங்கிய வாக்கைத் திருப்பிக் கொடு என்று கேட்டிருப்பார்கள். மகள் அப்போதுதான் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். அவர் கேட்கவில்லை. ஏரித் தண்ணீர் வற்றி, கரைச் சேறு வெடித்து, மறுபடி மழை வந்து நிரம்பும் வரை பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஒருநாள் சாப்பிடும்போது மகள், பேச்சோடு பேச்சாக, அந்த வீட்டு மாமாவுக்கு உடம்பு இன்னும் சரியாகவில்லையாம் என்றாள். அவர் கை தட்டில் நின்றது. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறாராம், விழுந்து நாளாயிற்றாம், இனி நடப்பது சந்தேகமாம். உனக்கு எப்படித் தெரியும் என்று மனைவி கேட்டாள். அவன் சொன்னான் என்றாள் மகள். அவனோடு பேசுகிறாயா என்றாள் மனைவி. எப்போதாவது பேசுவதுதான், அலுவலகம் ஒன்று, பழக்கம் ஒன்று, எத்தனை நாள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பது என்றாள் மகள், பொரியலை எடுத்து வைத்துக்கொண்டே.

பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க அவரப் போய்ப் பாக்கலையாப்பா?”

“பேசக் கூடாதுன்னு சொன்னியே.”

“எப்ப?”

அவர் சமையலறை வாசலைக் காட்டினார். மகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அங்கே ஏதோ எழுதி ஒட்டியிருப்பதைப் போல. நினைவுக்கு வர நேரமாயிற்று.

“ஐயோ அப்பா. அது அப்ப. நான் ஏதோ அழுதுக்கிட்டுச் சொன்னது. நீங்க இன்னுமா அப்படியே இருக்கீங்க?”

தடை போட்டவள் பேசிக்கொண்டிருந்தாள். தடைக்குக் காரணமானவன் பேசிக்கொண்டிருந்தான். அந்த வழக்கில் தண்டனையை அனுபவித்தவர்கள் எதிரிகளுமல்ல, சாட்சிகளுமல்ல, வேடிக்கை பார்க்கப் போன இரண்டு பேர். லிஃப்ட்காரர் கையைக் கழுவினார். சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

பூங்கா வழியாகப் போவதுதான் குறுக்கு. ஆனால் அம்பின்படி போனால் அந்தப் பக்கம் பழுது பார்க்கப் பாதையை அடைத்திருந்தார்கள். எதிராகத் திரும்பினார். அரை வட்டமும் எதிரே வந்த முகங்கள் அவரை முறைத்தன. விசில் ஊதினார். மறுபடி ஊதினார். லிஃப்ட்காரர் நிற்கவில்லை. விசில் ஓடி வந்து, பெரியவரே, அம்பு தெரியவில்லையா என்று கேட்டார். தெரிகிறது என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பூங்காவில் அவர் மீறிய ஒரே விதி அது. மீறியதில் ஒரு சுகமும் இல்லை என்று கண்டுகொண்டார்.

பல்செட்காரர் வீட்டுக் கதவைத் திறந்தது மகன். “மாமா” என்றான். உறவை முறித்த கோர்ட்டு நாக்குக்குத் தகவல் அனுப்பவில்லை போலிருக்கிறது. உள்ளே ஜன்னலோரம் கட்டில். ஜன்னலுக்கு அப்பால் பூங்கா மரங்கள் தெரிய வேண்டும். திரை இழுத்து மூடியிருந்தது. சுவரோர மேசையில் பிளாஸ்டர் அச்சுகள், மெருகு போடும் சின்ன மோட்டார். முடிக்காமல் விட்ட பல்வரிசைகள் தூசு படிந்து சிரித்துக்கொண்டிருந்தன. கட்டிலில் இருந்தவர் பாதியாகிவிட்டிருந்தார்.

எப்படிக் கூப்பிடுவது என்று லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை. சம்பந்தி இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லை.

“சார், எப்படி இருக்கீங்க?” என்றார்.

“சாரா?” என்றார் பல்செட்காரர். மகனைப் பார்த்து, “பாத்தியா, இவருக்கு வாய் இருக்கு” என்றார்.

மகன் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போனான். லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னார். மகள் கேட்டாள், சரி என்றுவிட்டேன், அதனால் பேசவில்லை. சொல்லி முடித்தபோது அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று அவரே அதிசயப்பட்டார்.

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“சொல்லணும்னா பேசணுமே.”

 பல்செட்காரர் சிரித்தார். கை வாய்க்குப் போகவில்லை.

“மரத்துக்கிட்டல்லாம் பேசினேன், தெரியுமா? பைத்தியம்னு நெனச்சுக் கொழந்தைங்க எட்ட நின்னு பாக்கும்.”

“எல்லாம் கேட்டுது. ஒண்ணு விடாம கேட்டேன். குஞ்சுங்களக்கூடத் தேடிப் பாத்தேன்.”

“கேக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவ இருமியிருக்கலாமே. இருமறது பேச்சுல சேராதே.”

லிஃப்ட்காரர் யோசித்தார். சேராதுதான்.

“தோணல” என்றார்.

விழுந்த கதையைப் பல்செட்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அம்பு போட்ட பிறகு, இவர் முன்னால் போகிறார் என்று நினைத்தாராம். ஒருநாளாவது தோளைப் பிடித்து நிறுத்தி, நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்று கேட்டுவிட வேண்டும் என்று தினமும் வேகமாக நடந்தாராம். அந்த வயதில் ஓட்டம் என்றே சொல்லலாம். பாலத்தில் பலகை ஈரமாக இருந்தது. இவர் பெஞ்சில் காத்திருந்த நாளெல்லாம் அவர் கட்டிலில் கிடந்திருக்கிறார்.

“நானும் வேகமாத்தான் நடந்தேன்” என்றார் லிஃப்ட்காரர். “நீங்க முன்னாடி போறீங்கன்னு.”

இருவரும் அந்தக் கணக்கைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் வேகமாக நடந்தால் இன்னொருவரும் வேகமாக நடந்திருக்கிறார். யாராவது ஒருவர் அக்கறையில்லாமல் நடந்திருந்தால் சந்தித்திருப்பார்கள். வெளியே சமையலறையில் மகன் பாத்திரத்தை உருட்டும் சத்தம் வந்தது.

லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இனிமே சாயங்காலம் சாயங்காலம் வரேன். ஒக்காந்து பேசலாம். பூங்காவுல என்ன நடக்குதுன்னு சொல்றேன்.”

“வேண்டாம். நீங்க சிரமப்படாதீங்க.”

கதவைச் சாத்துவதற்கு நம் மொழியில் இதைவிட மெத்தென்ற சத்தம் கிடையாது. லிஃப்ட்காரருக்கும் அது தெரியும். தெரிந்தும், வாழ்க்கையில் முதல் தடவையாக, மூடிய கதவின் பொத்தானை மறுபடி அழுத்தினார்.

“ஏன்?”

“பொண்ணு சொன்னா, பேசல. பொண்ணு சொன்னா, வந்திருக்கீங்க. இதுல எனக்கு என்ன இருக்கு? நாளைக்கு அவ வேற ஏதாவது சொல்வா.” கோபமாகச் சொல்லவில்லை. பல்லின் அளவு சரியில்லை என்று டாக்டரிடம் திருப்பிச் சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு மருந்து நேரம் என்று மகனைக் கூப்பிட்டார்.

லிஃப்ட்காரர் வெளியே வந்து, பூங்காவுக்குள் போகாமல், வேலியை ஒட்டிய சாலையிலேயே சுற்றிக்கொண்டு வீடு வந்தார். பேசினீர்களா என்று மகள் கேட்டாள். பேசினேன் என்றார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் மறுபடி போனார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை; வீட்டில் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கதவைத் திறந்த மகன், அப்பா தூங்குகிறார் மாமா என்றான். எழுப்ப வேண்டாம் என்று திரும்பினார். அதற்கடுத்த ஞாயிறும் அவர் தூங்கினார். வழியில் கைக்கு வந்த பழத்தை வாங்கிப் போயிருந்தார். அதை மகனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்றாவது முறை மகன் அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து தெளிவான குரல் வந்தது. “யாருடா?”

மகன் முகம் சிவந்து தரையைப் பார்த்தான். லிஃப்ட்காரர் அவனைத் தாண்டி, வாழ்நாளில் அத்தனை உரக்கப் பேசியிராத குரலில் உள்ளே பார்த்துச் சொன்னார்.

“யாரும் சொல்லி வரல. நானாத்தான் வந்தேன்.”

 உள்ளே கட்டில் ஒரு தடவை கிரீச்சிட்டது, யாரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதைப் போல. 

“தூங்கட்டும்ப்பா” என்று மகனிடம் சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் இறங்கினார்.

அடுத்த ஞாயிறும் பல்செட்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.